ஒரு மணை

நீ காலை ரயிலுக்குக் கிளம்பிப் போன பிறகு, ஆறிப்போன காபியைக் குடித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒரே வீட்டில் இருப்பவனுக்கு எதற்குக் கடிதம் என்று நீ கேட்கலாம். நேரில் பேச ஆரம்பித்தால், சொல்ல வந்ததில் பாதியை நானே மறுத்துவிடுவேன் என்பது உனக்குத் தெரியாததல்ல. எழுதினால் அடித்துத் திருத்தலாம். படித்த பிறகு யாரிடமாவது காட்டத் தோன்றினால் காட்டு. நம் தெருவிலேயே கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களைவிட அதிகமாகக் காத்திருக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்களில் யாருக்காவது இது உபயோகப்படுமா என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கே உபயோகப்படுமா என்பதும் சந்தேகம்தான்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். கோயில் தருமகர்த்தா வீட்டுக்கு வந்தபோது நீ வாசலில் வண்டியின் பின்னால் பின்வரிசை வீட்டு முனுசாமி மாமாவின் ஆக்சிஜன் சிலிண்டரைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாய். அவர் செருப்பைக் கழற்றும்போதே எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நல்ல மனிதர்தான். ராபர்ட்சன்பேட்டையில் மளிகைக் கடையைப் பார்த்துக்கொண்டு, கோயிலையும் சுமக்கிறவர். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "சார், தப்பா எடுத்துக்காதீங்க. திருவிழா நோட்டீஸ் பிரஸ்ஸுக்குப் போவணும். ஆறாம் நாளுக்கு இன்னா பேர் போடறது?" என்றார்.

"எப்பவும் போல..." என்று நான் இழுத்தேன்.

"அதான் சார் விசயமே. எப்பவும் போலன்னா ஜோடியா மணையில உட்காரணும் இல்ல? வீட்டம்மா போய்ட்டாங்க. உங்க அண்ணனுக்கு இந்த வருசம் எழுந்து நிக்கவே முடியலன்னு சொல்றாங்க. தம்பிக்கும் இன்னும் ஒண்ணும் ஆவல. பேத்தமங்களாவுல உங்க அண்ணன் பையன் சேகர் கீறாரே, அவர் பேர்லயே மாத்திடலாம்னு கமிட்டில பேசிக்கினோம். இந்த வருசம் மட்டும் இல்ல, இனிமேட்டுக்கே. தம்பிக்கு ஆனதும் வேணும்னா திருப்பி எழுதிக்கலாம்."

கடைசி வாக்கியத்தை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். உன் காதில் விழ வேண்டும் என்றே சற்றுச் சத்தமாகச் சொன்னார். நான் உன்னைப் பார்த்தேன். நீ முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாய். "பார்க்கலாம்" என்று சொன்னேன். அது சம்மதமாகத்தான் அவருக்குக் கேட்டிருக்கும். நீ நிமிர்ந்து, "நான் போய்ட்டு வர்றேன் நைனா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாய். உன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று சுலபமாக இருந்திருக்கும்.

அந்த ஆறாம் நாள் நமக்கு எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். குடியாத்தம் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்த உன் தாத்தாவும் அவரோடு வந்தவர்களும் மைசூர் மைன்ஸில் வேல் ஒன்றை நட்டு, அதற்குக் கூரை போட்டு, பிறகு மதில் எழுப்பிய கோயில் அது. திருவிழாவில் ஒவ்வொரு நாளையும் ஒரு குடும்பம் ஏற்றுக்கொண்டது. அபிஷேகத்துக்கு முன் சங்கல்பம் செய்ய, சுவாமிக்கு எதிரே இரண்டு மணை போடுவார்கள். அந்த வீட்டுப் பெரியவரும் அவர் மனைவியும் உட்காருவார்கள். நானும் உன் அம்மாவும் எத்தனையோ வருஷம் உட்கார்ந்தோம். அவள் காலமானது முதல் உன் பெரியப்பாவும் பெரியம்மாவும் நமக்காக உட்கார்ந்தார்கள். அப்போதெல்லாம் நீ பின்னால் நின்று பன்னீர்ச் சொம்பையும் பால் குடத்தையும் எடுத்துக் கொடுத்தாய். உனக்கு முப்பத்தொரு வயது. அந்த வீட்டின் பெரியவன் இப்போது நீதான் என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை என்பதை நினைத்துப் பார்க்கிறேன்.

ஏன் தோன்றவில்லை என்று மூன்று நாளாக யோசித்தேன். நீ பிறந்து சில வருஷத்திலேயே உன் அம்மா எவர்சில்வர் பாத்திரம் சேர்க்க ஆரம்பித்துவிட்டாள். பெண் பிள்ளைக்குத்தானே சேர்ப்பார்கள் என்று கேட்டால், "வர்றவ எதுவும் இல்லாம வந்தாலும் குறையா நிக்கக் கூடாது" என்பாள். ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவரிடம் அவற்றைக் கொண்டுபோய் உன் பெயரை வெட்டச் சொன்னாள். பக்கத்தில் இடம் விடச் சொன்னாள்.

"பக்கத்துல இன்னாமா எழுதறது?" என்று அவர் கேட்டார்.

"அது அப்புறம் வரும். இடம் மட்டும் வுடு."

"எவ்ளோ வுடறது? பொண்ணு பேரு நீட்டமா இருந்துச்சுன்னா?"

"அடக்கமான பேரா பாத்துக் கட்டிக்கறோம். நீ வெட்டு."

கூட நின்றிருந்த நானும் சிரித்தேன். குண்டா, அண்டா, தூக்கு, தாம்பாளம் என்று எல்லாவற்றிலும் உன் பெயரும் அதற்குப் பக்கத்தில் ஒரு வெறுமையுமாகப் பரணில் ஏறின. அந்தப் பாத்திரங்களோடு நாமும் பரணில் ஏறிவிட்டோம் என்று இப்போது நினைக்கிறேன். சமையலறைக்குப் புதுத் தளம் போடலாம் என்றால், மருமகள் வந்து அவள் இஷ்டப்படி போட்டுக்கொள்ளட்டும் என்பேன். கட்டில் வாங்கலாம் என்று நீ சொன்னபோது, கல்யாணத்துக்கு எப்படியும் வாங்கத்தானே வேண்டும் என்றேன். வேலைக்குப் போன பிறகும் எத்தனையோ வருஷம் நீ பாயில் படுத்தாய். நானும் உன் அம்மாவும் கொடுமைக்காரர்கள் இல்லை. வராத ஒருத்திக்காக வீட்டை எடுத்து வைத்தோம். இருக்கிற ஒருவனை அதில் விருந்தாளிபோல வைத்திருந்தோம் என்று எங்களுக்கு உறைக்கவில்லை.

பெண் பார்க்கப் போன இடங்களை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. கோலார் தங்கவயல் என்றதும் முகம் மாறியவர்கள் உண்டு. சுரங்கம் மூடின ஊரில் என்ன இருக்கிறது, பெங்களூரில் சொந்த வீடு இருக்கிறதா, தினமும் ரயிலில் போய் வருகிற பையன் பெண்டாட்டி முகத்தை எப்போது பார்ப்பான் என்றெல்லாம் கேட்டார்கள். அவர்கள் பெண்ணுக்காக அவர்கள் கேட்டார்கள், அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கடைசியாக ஒரு இடம் தாம்பூலம் மாற்றும் வரை வந்து நின்று போனதே, அதற்குப் பிறகு வந்த ஒரு வருஷத்தை என்னால் மறக்க முடியாது. அம்மா போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வேலைக்குப் போவாய், வருவாய், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாய். எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம் நைனா" என்பாய். என் வார்த்தையை நீ கற்றுக்கொண்டுவிட்டாய் என்று பயந்தேன். பயந்து நான் செய்தது என்ன? இன்னும் நாலு தரகரைப் பார்த்தேன். பரிகாரக் கோயில்களுக்கு உன்னை இழுத்துக்கொண்டு அலைந்தேன். உனக்கு வந்தது கல்யாணமாகாத நோய் என்று நினைத்துக்கொண்டு அதற்கே வைத்தியம் தேடினேன்.

பின்வரிசை வீட்டில் இருக்கும் முனுசாமி மாமாவை நான்தான் உனக்கு அறிமுகப்படுத்தினேன் என்று பெருமைப்பட ஆசைதான். உண்மை அதுவல்ல. அவர் சுரங்கத்தின் அடி லெவல்களில் பாறையில் துளை போட்டவர், நான் சர்வே ஆபீஸில் பிளான் வரைந்தவன். பார்த்தால் கும்பிடு போட்டுக்கொள்வோம், அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை அவர் மூச்சு முட்டித் தெருக்குழாய் அருகே உட்கார்ந்துவிட்டார். அவர் பிள்ளைகள் பெங்களூரில். நீ அந்தப் பக்கம் போனவன், வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாய். நுரையீரலில் பாறைத்தூசி படிந்திருக்கிறது, வாராவாரம் காட்ட வேண்டும் என்றார்கள். அடுத்த சனிக்கிழமையும் நீயே போனாய். பிறகு அவரோடு இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். பின்னர் அந்த வீட்டு வரிசைகளில் யாருக்கு மூச்சு வாங்கினாலும் சனிக்கிழமை நம் வாசலுக்கு வருவது வழக்கமாகிவிட்டது. உன் தோளைப் பிடித்து வண்டியில் ஏறும்போது முனுசாமி மாமா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "இன்னாடா மாப்ள, ஊரே உனுக்குப் பொண்ணு தேடுது. நீ இன்னாடான்னா கெழவன இட்டுக்கினு சுத்தற."

"நீங்க ஒருத்தர்தான் மாமா ஜாதகம் கேக்காம வண்டில ஏறின ஆளு" என்றாய்.

அவர் சிரித்தார், சிரிப்பு இருமலானது, இருமல் நின்றதும், "இந்த நெஞ்சுல கீற தூசியக் கழுவினா பவுனு வரும்டா. ஆஸ்பத்திரில அளந்து வாங்கிக்கினு வா" என்றார். நீயும் சிரித்தாய். அவ்வளவு நாள் கழித்து உன் சிரிப்பைக் கேட்டு நான் கதவுக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டேன்.

இவ்வளவு பார்த்தும், நீ பரணில் ஏறிப் பாத்திரத்தை இறக்கிய அன்று நான் சண்டை போட்டேன். ஆஸ்பத்திரியில் காத்திருப்பவர்களுக்குக் கஞ்சி கொண்டுபோக உனக்குப் பெரிய தூக்கும் குண்டாவும் தேவைப்பட்டன. "அது கல்யாணப் பாத்திரம்டா. உங்க அம்மா தொட விட மாட்டா" என்றேன். ஏணியில் நின்றபடியே, "அம்மா இருந்திருந்தா கஞ்சிய அவளே காச்சியிருப்பா. நீ சும்மா இரு நைனா" என்றாய். நியாயமான பேச்சு. ஆனாலும் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் அந்தத் தூக்கைக் கழுவும்போது பார்த்தேன். சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து உன் பெயரும் சற்று மங்கியிருந்தது. பக்கத்தில் இருந்த வெற்றிடம், பாத்திரத்தின் மற்ற இடங்களைப் போலவே இருந்தது. அதை வெற்றிடம் என்று காட்டினால்தான் ஒருவருக்குத் தெரியும்.

என் தொழிலில் ஒரு முறை உண்டு. வெட்டி முடித்த சுரங்கப் பாதையை பிளானில் முழுக்கோட்டால் வரைவோம். இனி வெட்டப் போவதைப் புள்ளிக்கோட்டால் காட்டுவோம். புள்ளிக்கோடு இருக்கிற இடத்தில் யாரும் நடக்க முடியாது, அங்கே பாறைதான் இருக்கிறது. கல்யாணம் என்ற இடத்துக்கு முன்னால் இருந்த உன் வருஷங்களை எல்லாம் நான் புள்ளிக்கோட்டில் வரைந்து வைத்துக்கொண்டிருந்தேன். நீயோ அங்கே தினமும் நடந்து போய் வந்துகொண்டிருந்தாய். அளவெடுக்கிறவன் பாதையைப் போய்ப் பார்க்காமல் மேசையில் உட்கார்ந்து வரைந்தால் இப்படித்தான் ஆகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மா போன பிறகு நீ கோயில் பக்கமே போகாமல் இருந்தாய். நான் கேட்கவில்லை, எனக்கே அப்போது சாமியிடம் பேச்சு இல்லை. போன வருஷம், ஆஸ்பத்திரிக்கு உன்னோடு வந்துகொண்டிருந்த ஒருவர் இறந்துபோன அன்று சாயங்காலம், நான் கோயிலுக்குப் போனபோது நீ உள்ளே தூணோரம் உட்கார்ந்திருந்தாய். கும்பிடவில்லை, கண் மூடவில்லை. வெளியே வந்ததும், "இன்னா வேண்டிக்கின?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேண்டல. சும்மா சொல்லிட்டு வந்தேன்."

"இன்னா சொன்ன?"

"இன்னிக்கு நடந்தத."

அதற்குப் பிறகு நீ அடிக்கடி போகிறாய் என்று எனக்குத் தெரியும். நான் படித்தவன், பூஜைகளை முறையாகச் செய்கிறவன், ஒரு மந்திரத்தையும் தாண்டிப் போகாதவன். ஆனால் இத்தனை வருஷமாக நான் சாமியிடம் கொண்டுபோனது மனுக்கள் மட்டுமே. வேலை நிலைக்க வேண்டும், அவள் பிழைக்க வேண்டும், உனக்குப் பெண் அமைய வேண்டும். அன்றாடம் நடந்ததைப் போய்ச் சொல்லலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உன்னிடமிருந்து தெரிந்துகொண்டு இப்போது நானும் முயல்கிறேன். எனக்கு நடப்பது குறைவு, அதனால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. பாதியில் பழைய பழக்கம் வந்து, உனக்கொரு பெண் என்று ஆரம்பித்துவிடுவேன். அது சட்டென்று போகாது. பொறுத்துக்கொள்.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று தெரியவில்லை, இருந்தாலும் அப்பன் என்பதால் சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன். சனிக்கிழமைகளைக் கல்யாணத்துக்குப் பதிலாக வைத்துக்கொள்ளாதே. ஒன்றுக்குப் பதிலாகச் செய்வது என்றைக்காவது சலித்துப்போகும். அந்த மனிதர்களுக்காகவே அதைச் செய். இப்போது அப்படித்தான் செய்கிறாய் என்று நினைக்கிறேன். இரவில் வீடு வெறிச்சென்று இருக்கும்போது, நான் உதவி செய்கிறவன், எனக்கு ஒன்றும் தேவையில்லை என்று வீறாப்பாக இருக்காதே. தனிமை எல்லாருக்கும் வரும். உன் அம்மா பக்கத்தில் படுத்திருந்த வருஷங்களிலும் எனக்கு வந்திருக்கிறது. அப்போது யாரிடமாவது போய் உட்கார், முனுசாமி மாமா தூங்காமல்தான் இருப்பார். உனக்குப் பிடித்த ஒருத்தி வந்தால் தயங்காமல் சொல், ஜாதகத்தை நான் கேட்க மாட்டேன். வராமலே போனாலும் நீ குறைப்பட்ட மனிதன் இல்லை. இந்தக் கடைசி வரியை எழுதுவதற்கு எனக்கு இவ்வளவு பக்கம் தேவைப்பட்டிருக்கிறது. அப்புறம், சனிக்கிழமை எல்லாருக்கும் கஞ்சி ஊற்றிவிட்டு நீ சாப்பிடாமல் வருகிறாய். அதை நிறுத்து.

இனி நேற்று நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் சேகருக்குப் போன் செய்தேன். ஆறாம் நாள் உபயத்தை அவன் பெயருக்கு மாற்றாவிட்டால் வருத்தப்படுவானோ என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். "சித்தப்பா, நான் எங்க கேட்டேன்? அவங்களா பேசிக்கினாங்க. அன்னிக்கு எனக்குத் தக்காளி லோடு ஏத்தணும்" என்றான். அதன் பிறகு ராபர்ட்சன்பேட்டைக்கு நடந்தே போனேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனதில் அடுக்கிக்கொண்டு போனேன். கடையில் கூட்டம் குறையட்டும் என்று எதிர்ப்புறம் நின்றேன். குறைவதாக இல்லை. தருமகர்த்தாவே பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"வாங்க சார். இன்னா, சேகர்கிட்ட பேசிட்டீங்களா?"

"பேசிட்டேன். என் பையன் உட்காருவான்."

"யார் கூட?"

அடுக்கி வைத்தது எல்லாம் கலைந்துபோயிற்று. "யார் கூடவும் இல்ல. அவன் மட்டும்" என்றேன்.

அவர் பருப்பு நிறுப்பதை நிறுத்தினார். "சார், நீங்க படிச்சவங்க. சாமி காரியத்துல ஒரு மணை காலியா இருந்தா நல்லாவா இருக்கும்?"

"ரெண்டு போட்டாத்தானே ஒண்ணு காலியா இருக்கும். ஒண்ணே ஒண்ணு போடுங்க."

இதை நான் சொன்னேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. புளி வாங்க வந்த ஒரு அம்மாள், "அவர் சொல்றது சரிதானே" என்று சிரித்தாள். தருமகர்த்தா சிரிக்கவில்லை. குருக்களுக்குப் போன் போட்டு எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார். குருக்கள் முழுவதும் கேட்டுவிட்டு, "வழக்கம் ஜோடிதான். ஆனா ஒண்டி ஆளுக்கும் சங்கல்பம் உண்டு. மாத்தறதும் மாத்தாததும் உங்க கமிட்டி இஷ்டம். பையன் குளிச்சிட்டு நேரத்துக்கு வருவானா, அத்த மட்டும் கேளுங்கோ. நாலாம் நாள்காரங்க போன வருசம் ஜோடியா வந்து மணையிலயே சண்ட போட்டாங்கோ" என்றார். கடையில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அதன் பிறகு தருமகர்த்தாவால் கண்டிப்பாக இருக்க முடியவில்லை. "சரி சார், கமிட்டில நான் பேசிக்கறேன். தம்பி பேரையே போட்டுடறேன். ஆனா நாளைக்கு யாராச்சும் ஏன் எதுக்குன்னு கேட்டாங்கன்னா நான் உங்ககிட்ட அனுப்பிடுவேன். நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார். சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். கேட்கத்தான் போகிறார்கள். ஒவ்வொருவராக வாசலுக்கு வருவார்கள். வரட்டும், சொல்வேன்.

வீடு திரும்பும்போதுதான் நான் செய்த தவறு புரிந்தது. சேகரிடம் கேட்டேன், தருமகர்த்தாவிடம் பேசினேன், குருக்கள்வரை விஷயம் போய்விட்டது. உன்னிடம் நான் கேட்கவே இல்லை. உன்னைக் கேட்காமல் உனக்காகக் காத்திருந்தது போலவே, உன்னைக் கேட்காமல் உனக்காகச் சண்டையும் போட்டிருக்கிறேன். அதுமட்டுமல்ல. ஆறாம் நாள் இந்த வருஷம் சனிக்கிழமையில் வருகிறது. அபிஷேக நேரமும் முனுசாமி மாமா ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டிய நேரமும் ஒன்று.

ஆகவே இப்போது கேட்கிறேன். உட்கார உனக்கு விருப்பமா? விருப்பமென்றால் உட்கார், அவர்களை நான் ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். எந்த வரிசையில் நிற்க வேண்டும், எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடு. எனக்கு அந்த இடங்களில் பேச வராது, கற்றுக்கொள்கிறேன். இல்லை, சனிக்கிழமை உனக்கு ஆஸ்பத்திரிதான் என்றால் அப்படியே போய்விட்டு வா. அந்த ஒரு மணையில் நான் உட்காருகிறேன். குருக்கள் உன் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டுவிட்டு, எதற்காக என்று கேட்பார். இதுவரை ஒவ்வொரு வருஷமும் கல்யாணம் கைகூட என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். இந்த முறை உன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டு, அவன் முனுசாமி மாமாவோடு போயிருக்கிறான், அவ்வளவுதான் விஷயம் என்று சொல்வேன்.